லடாக்கின் குளிரும் கருஞ்சுவரும்

லடாக்கில் மரம் அரிது. குளிர்காலத்து இரவுகளில் உஷ்ணநிலை பூஜ்யத்திற்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கும். ஆதலின் வயலுக்கு வேண்டிய சாணமும் அடுப்பிலேயே எரிந்தது. முன்னோர் தடித்த மண்சுவர் எழுப்பி, கீழ்த்தளத்தில் கால்நடைகளைக் கட்டி, அடுப்பறையிலேயே குடும்பத்தோடு குளிர்காலத்தைக் கழித்தனர்.

எனினும் அங்கே வெயிலுக்குக் குறைவில்லை. தெற்கு நோக்கிய சுவருக்குக் கருமை பூசி, முன்னே கண்ணாடி பொருத்தினால், பகல் வெப்பத்தைச் சுவர் தேக்கி இரவில் அறைக்கு ஈயும். 1881-இல் அமெரிக்கரான எட்வர்ட் மோர்ஸ் இம்முறைக்குப் பேடண்டு உரிமை பெற்றார். 1967-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பெலிக்ஸ் டிராம்ப் இவ்வாறே வீடு அமைத்தார். பின்னர் லடாக்கியரும் மண்கற்களாலேயே இச்சுவரை எழுப்பலாயினர். இதனால் வீட்டில் புகை குறையும். எரிபொருட் செலவும் குறையும். மிஞ்சும் சாணம் வயலைச் சேரும்.