பெரியாற்று நீரும் மின்விசை உரிமையும்

சர்க்காரோடு ஒப்பந்தம் செய்துகொள்வோர் தொகையையும் காலத்தையும் கூர்ந்து நோக்குவார்கள். எந்தக் காரியத்துக்காக ஒப்பந்தம் என்று குறிக்கும் சொல்லை அத்தனை கவனத்தோடு நோக்குவதில்லை. ஒரு சர்க்காரே இன்னொரு சர்க்காரிடம் குத்தகை பெற்றபோதும் இதுவே நிகழ்ந்தது. கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து சென்று வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் பெரியாற்று அணையை நன்கு அறிவார்கள். அந்த நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் உரிமை எவ்வாறு கிடைத்தது என்பது அவ்வளவாக அறியப்படாத வரலாறு.

சிவகிரி மலைகளில் தோன்றி மேற்கே அரபிக் கடலுக்குச் செல்லும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி, வறண்ட மதுரைச் சீமைக்குப் பாய்ச்ச வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆறு ஓடிய காடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. ஆகவே திருவனந்தபுரத்தின் சம்மதம் வேண்டியிருந்தது. பல ஆண்டு பேச்சுக்குப் பின் 1886 அக்டோபர் 29ஆம் தேதி குத்தகைப் பத்திரம் கையெழுத்தாயிற்று. காலம் 999 ஆண்டுகள். நிலம் 8,000 ஏக்கர். ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். அப்போது மூலம் திருநாள் மகாராஜா பட்டத்துக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பென்னிகுயிக் அணையைக் கட்டினார். 1895இல் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே பாய்ந்தது.

அந்தப் பத்திரம் குத்தகை நிலத்தில் சேரும் நீர் முழுவதையும் சென்னை சர்க்காருக்கு அளித்தது. ஆனால் அங்கே செய்யக்கூடிய வேலைகளைச் சொல்லுமிடத்தில், நீர்ப்பாசன வேலைகள், அவற்றைச் சார்ந்த பிற வேலைகள் என்று குறித்தது. மின்விசை என்ற பேச்சே அதில் இல்லை. இருக்கவும் நியாயமில்லை. எடிசன் நியூயார்க்கில் மின்சாரம் விநியோகிக்கத் தொடங்கி அப்போது 4 ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்தியாவின் முதல் நீர்மின் நிலையம் டார்ஜிலிங்கில் 1897இல்தான் வந்தது. அதாவது பெரியாற்று அணை கட்டி முடித்து 2 ஆண்டுகளுக்குப் பிறகு.

காலம் மாறியது. 1902இல் சிவசமுத்திரம், 1932இல் பைக்காரா என்று அருவிகள் மின்விசை தரலாயின. சுரங்கத்திலிருந்து வெளிப்பட்டு மலைச் சரிவில் வீணே விழும் பெரியாற்று நீரைச் சென்னை சர்க்காரின் பொறியாளர்கள் புதிய கண்ணோடு பார்த்தார்கள். திருவிதாங்கூரும் உறங்கிவிடவில்லை. திருவனந்தபுரத்தில் 1929இலேயே மின்விளக்கு எரிந்தது. பள்ளிவாசல் நீர்மின் திட்டத்தின் வேலை 1935இல் தொடங்கி, 1940இல் மின்சாரம் வந்தது. விழும் நீரின் விலை என்ன என்பதை அந்தச் சமஸ்தானம் நன்றாகவே அறிந்திருந்தது. ஆகவே மின்சாரம் எடுக்கச் சென்னைக்கு உரிமையில்லை என்று தடுத்தது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்த வழக்கு சுவையானது. பாசனம் என்ற சொல்லை எவ்வளவு நீட்டினாலும் மின்விசை அதற்குள் அடங்காது. ஆனால் ‘சார்ந்த வேலைகள்’ என்பது நெகிழ்ந்து கொடுக்கும் தொடர். நீர் முழுவதும் எனக்கு என்றான பின், அது வயலுக்குப் போகும் வழியில் ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் என்ன குறைந்துவிடும் என்றும் கேட்கலாம். பத்திரத்தின்படி விவகாரம் மத்தியஸ்தர்களிடம் சென்றது. அவர்கள் ஒருமிக்கவில்லை. கல்கத்தா ஹைகோர்ட்டில் நீதிபதியாயிருந்த நளினி ரஞ்சன் சட்டர்ஜி நடுவராக அமர்ந்து, 1941இல் தீர்ப்பளித்தார். சென்னைக்கு உள்ளது பாசன உரிமையே. மின்விசைக்கு அந்நீரைப் பயன்படுத்தும் உரிமை இல்லை. சர் சி. பி. ராமஸ்வாமி ஐயர் திவானாக இருந்த காலம் அது. திருவனந்தபுரத்துக்குப் பெரிய வெற்றி. தோற்றது நம் பக்கம் என்பதற்காகத் தீர்ப்பைக் குறைகூற எனக்கு மனமில்லை. எழுதாததைக் கொடுத்ததாகக் கொள்வது எளிதன்று.

வாதத்தில் கிடைக்காத உரிமை பின்னர்ப் பேச்சில் கிடைத்தது. சுதந்திரத்துக்குப் பின், 1950களில், இரு சர்க்கார்களும் கலந்து பேசின. லோயர் கேம்ப்பில் மின் நிலையம் எழுந்தது. 35 மெகாவாட் வீதம் 4 இயந்திரங்கள், ஆக 140 மெகாவாட். 1970 மே மாதத்தில் துணை ஒப்பந்தங்கள் முறையாகக் கையெழுத்தாயின. நில வாடகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்ந்தது. ஏரியில் மீன்பிடிக்கும் உரிமை கேரளத்துக்கு வந்தது. மின்சாரம் எடுக்கத் தமிழ்நாட்டுக்கு அனுமதியும் அதற்கு ஒரு விலையும் ஏற்பட்டன. அணையின் நீர்மட்டம் பற்றிப் பின்னர் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்ற வழக்கு வேறு கதை. அதில் இங்கே புகவில்லை.

அந்த விலையைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டில் 35 கோடி யூனிட் வரை ஒரு கிலோவாட்-ஆண்டுக்கு 12 ரூபாய். அதற்கு மேற்பட்டதற்கு 18 ரூபாய். கிலோவாட்-ஆண்டு என்பது ஒரு கிலோவாட் மின்விசை ஆண்டு முழுவதும் ஓய்வின்றி ஓடுவது, அதாவது 8,760 யூனிட். எனவே ஒரு யூனிட்டுக்கு விழுவது ஒரு பைசாவில் ஏழில் ஒரு பங்கு கூட இல்லை. 35 கோடி யூனிட்டுக்கும் சேர்த்துக் கேரளத்துக்குச் சேர்வது 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. இது போதாது என்ற குறை கேரளத்தில் உண்டு. நிலையத்தைக் கட்டிய செலவு எங்களுடையது, பாசனத்துக்கு எப்படியும் இறங்கி வரும் நீர்தானே என்பது நம்மவர் பதில். 1941இல் ஒரு சொல்லைப் பற்றி இருந்த வழக்கு, 1970க்குப் பின் ஒரு தொகையைப் பற்றியதாயிற்று.