நிழலை வச்சு நினைக்கிறது: ஹிரோஷிமா படிக்கட்டும் பழனி மலைக் கல்திட்டைகளும்

கொடைக்கானல்னு சொன்னதும் ஏரி, பில்லர் ராக்ஸ், ஹோம்மேட் சாக்லேட் எல்லாம் ஞாபகம் வரும். அதே மலையில இறந்தவங்களுக்காக ஊரே சேர்ந்து கட்டின, 2000 வருஷத்துக்கும் மேல பழசான சின்னங்கள் இருக்கு. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான். ஆனா முதல்ல ஜப்பானுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடுவோம். நிழலை வச்சு ஒருத்தரை நினைக்கிறதுன்னா என்னன்னு அங்க பார்த்தா சட்டுனு புரியும்.

1945 ஆகஸ்ட் 6, காலை 8:15. ஹிரோஷிமாவில் சுமிட்டோமோ வங்கி இன்னும் திறக்கவில்லை. வாசற்படியில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார். அணுகுண்டு வெடித்த புள்ளிக்கு நேர் கீழே இருந்து அந்தப் படி வெறும் 260 மீட்டர் தூரம். வெப்பக்கதிர் பட்ட கல் வெளுத்துப்போச்சு. அவர் உடம்பு மறைச்ச இடம் மட்டும் கறுப்பா நின்னுடுச்சு. கொஞ்சம் யோசிங்க: நாம நிழல்னு பார்க்குற அந்தக் கறைதான் கல்லோட பழைய நிறம். மாறிப்போனது சுத்தி இருந்த மத்த எல்லாம். வெயில், மழையில அது மங்க ஆரம்பிச்சதால, 1971ல் அந்தப் படியையே பெயர்த்து ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனாங்க.

1985ல், 40வது நினைவு நாளன்று, இந்த ஒரு நிழல் உலகம் முழுக்கப் பரவியது. அமெரிக்காவின் போர்ட்லாண்டில் இருந்த கலைஞர்கள் ஒருங்கிணைத்த 'சர்வதேச நிழல் திட்டம்' அது. பல நாட்டு நகரங்களில் விடியுறதுக்கு முன்னாடி மக்கள் தெருவுக்கு வந்தாங்க. ஒருத்தர் தரையில படுப்பார், இன்னொருத்தர் அவரைச் சுத்திக் கோடு போடுவார். காலையில வேலைக்குக் கிளம்பினவங்க காலடியில பார்த்தது மனுஷ உருவங்கள். முகம் கிடையாது, பேரும் கிடையாது. நாலு மழை பெஞ்சா அதுவும் போயிடும்.

முகமில்லை, பேரில்லை, பல கைகள் சேர்ந்து செஞ்ச வேலை. இந்த மூணும் அப்படியே பொருந்துற ஒண்ணு நம்ம பழனி மலையில இருக்கு: கல்திட்டை.

தாண்டிக்குடி, பேத்துப்பாறை பக்கம் போனால் பார்க்கலாம். பலகைக் கற்களைச் சுவர் மாதிரி நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல் வைத்திருப்பார்கள். பெருங்கற்காலத்து ஈமச்சின்னம் இது. செண்பகனூரில் இருந்த ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு இயேசு சபைப் பாதிரியார்கள் இந்த மலைக் கல்திட்டைகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தார்கள். இந்தியத் தொல்லியல் துறை அதை 1928ல் புத்தகமாகவே வெளியிட்டது.

இன்ஜினியர் கண்ணோட பாருங்க. மண்ணைத் தோண்ட முடியாத வெறும் பாறை மேலேயே பல திட்டைகள் நிக்குது. கிரேன் கிடையாது. அந்த மூடுகல்லை ஒரு குடும்பத்தால மட்டும் தூக்கி வைக்க முடியாது. அப்போ ஒருத்தர் இறந்தா, எத்தனை பேர் தங்கள் வேலையை விட்டுட்டு வந்திருக்கணும்! அவ்வளவு உழைப்புக்கும் கிடைச்சது என்ன? பட்டப்பகல்லயும் இருட்டா இருக்குற ஒரு சின்ன அறை. சாய்வான வெயில் திறந்த பக்கமா கொஞ்சம் உள்ள நுழையும், சுவர்க்கல்லோட நிழல் தரையில மெதுவா நகரும். இல்லாம போன ஒருத்தருக்காக ஒதுக்கி வச்ச இடம் அது.

மலையடிவாரத்துப் பொருந்தலுக்கு வாங்க. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழு 2009-10ல் அங்கே ஒரு பழைய கல்லறையைத் திறந்தபோது, ஒரு ஜாடியில் சுமார் 2 கிலோ நெல் இருந்தது. அதன் காலம் பொ.ஆ.மு. 490 என்று ஆய்வகம் சொன்னது. யாரோ தங்கள் விளைச்சலில் இருந்து அளந்து, இறந்தவருக்கென்று கொடுத்த நெல். அதைக் கொடுத்தவர் பேரும் வாங்கிக்கிட்டவர் பேரும் நமக்கு வரல. பாசம் மட்டும் வந்து சேர்ந்திருக்கு.

இங்கதான் ஒரு சிக்கல். போர்ட்லாண்ட் நிழல் சில நாள்ல அழிஞ்சது, ஆனா அது யாருக்காகன்னு பார்த்த எல்லாருக்கும் தெரியும். கல்திட்டை 2000 வருஷம் நின்னுச்சு, ஆனா யாருக்காகன்னு மறந்துபோச்சு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் இதைப் 'பாண்டவர் வீடு', 'குள்ளர் வீடு' என்று சொல்கிறார்கள். கல் எவ்வளவு கெட்டியா இருந்தாலும், கதை சொல்ல ஆள் இல்லேன்னா அது வெறும் கல்லாயிடும். வெறும் கல்லுன்னு நினைச்சா, தோட்டத்துக்கு வேலி போட எடுக்கலாம், ரோடு போட நகர்த்தலாம், புதையல் இருக்கும்னு உடைக்கலாம். பல இடங்களில் கல்திட்டைகள் இப்படித்தான் காணாமப் போகுது.

அதனால அடுத்த கொடைக்கானல் டிரிப்ல ஒரு காலை நேரத்தை இதுக்கு ஒதுக்குங்க. மூடுகல் மேல ஏறி செல்ஃபி வேண்டாம். சாக்பீஸ், பெயிண்ட் எதுவும் வேண்டாம். உள்ளே விளக்கும் ஏத்தாதீங்க, எண்ணெயும் புகையும் கல்லுல படிஞ்சிடும். வெளிச்ச ஏற்பாட்டைச் சூரியன் பார்த்துக்கும். நாம மறைக்காம ஒதுங்கி நின்னா போதும்.

அப்புறம் பக்கத்து ஊர்ல ஒரு பெரியவர்கிட்டப் பேச்சுக் கொடுங்க. "ஐயா, இதை உங்க ஊர்ல என்னன்னு சொல்வீங்க?"ன்னு கேளுங்க. அவர் சம்மதிச்சா அந்தப் பேரையும் கதையையும் அவர் குரல்லயே பதிவு பண்ணி நமக்கு அனுப்புங்க. வந்ததை எல்லாம் சேர்த்து ஒரு தனி எபிசோடாப் போடுவோம்.