பள்ளியறைப் பாய்

தமிழில் 'பள்ளி' என்னும் சொல் உறங்கும் இடத்தையும் குறிக்கும். தொழும் இடத்தையும் குறிக்கும். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக் குகையில் சமண முனிவர்கள் படுத்துறங்கக் கல்லில் செதுக்கப்பட்ட படுக்கைகளை இன்றும் காணலாம். துறவியர் தங்கிய இடம் பள்ளியாயிற்று. கல்வி பயிலும் இடமும் பள்ளியாயிற்று. தமிழ் முஸ்லிம்கள் தம் மஸ்ஜிதைப் பள்ளிவாசல் என்றனர். பள்ளியறைக்கும் பள்ளிவாசலுக்கும் உள்ள உறவு சொல்லளவில் நின்றுவிடவில்லை. நெடுங்காலம் இவ்விரண்டின் தரையிலும் விரிக்கப்பட்டது பாயே ஆகும்.

உறங்கும் அறையில் எதை விரிப்பது, எங்கே விரிப்பது என்பது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் ஹதீஸ் நூல்கள் இதனைச் சிறியதாகக் கருதவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் ஒரு பாய் இருந்தது. பகலில் அதனை விரித்து அமர்வார்கள், இரவில் அதனையே தடுப்பாக அமைத்துக்கொண்டு தொழுவார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பதை புகாரியில் காண்கிறோம். பாயின் வரிகள் அண்ணலாரின் விலாவில் பதிந்திருந்ததைக் கண்டு உமர் (ரலி) அவர்கள் கண்கலங்கிய செய்தியும் நாமறிந்ததே. அனஸ் (ரலி) அவர்களின் பாட்டியார் வீட்டில் நெடுநாள் புழக்கத்தால் கறுத்துப்போன பாயின்மீது நீர் தெளித்து விரிக்க, அதன்மேல் அண்ணலார் தொழுதார்கள். வீட்டார் புழங்கிய பாயே தொழுகைக்கும் பயன்பட்டது என்பதை இங்குக் கவனிக்க வேண்டும்.

அவ்வாறாயின் கம்பளம் கூடாதா? இதற்கு ஜாபிர் (ரலி) அவர்களின் இல்லத்திலிருந்தே விடை கிடைக்கிறது. உங்களிடம் 'அன்மாத்' எனும் விரிப்புகள் உண்டா என அண்ணலார் அவரிடம் வினவினார்கள். எங்களுக்கு அவை எங்கிருந்து வரும் என்றார் அவர். ஒருநாள் அவை உங்களுக்கு வரும் என்றார்கள் அண்ணலார். பின்னர் அவை வந்தன. அவற்றை அகற்றிவிடுமாறு ஜாபிர் (ரலி) தம் மனைவியிடம் கூறியபோது, அண்ணலாரின் அந்தச் சொல்லையே அம்மையார் நினைவூட்டினார்; கணவர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. கணவரின் பேணுதலும் மனைவியின் உரிமையும் ஒரே அறையில் இணங்கிப்போன அழகிய நிகழ்ச்சி இது. ஆடம்பரத்தைக் குறித்த எச்சரிக்கை அதில் இருக்கிறது, விலக்கு இல்லை. கோலமிட்ட போர்வை ஒன்று தொழுகையில் கவனத்தைத் திருப்பியதால் அதனைத் திருப்பியனுப்பிவிட்டு, எளியதொன்றை அண்ணலார் கேட்டுப் பெற்றதும் இத்துடன் எண்ணத்தக்கது.

தமிழகத்திற்கும் கம்பளம் அயலானதன்று. 1908இல் வெளிவந்த ஹாரிஸ் என்பாரின் தென்னிந்தியக் கம்பள நெசவு பற்றிய நூல், வாலாஜாபேட்டை, அய்யம்பேட்டை முதலிய ஊர்களை அத்தொழிலின் இடங்களாகப் பேசுகிறது. எனினும் கம்பளி கனமானது, வெப்பத்தைத் தேக்குவது, தூசியைப் பிடித்து வைப்பது. ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் நாட்டில் எளியோர் வீட்டுப் பள்ளியறைக்கு அது பொருந்தவில்லை. பொருந்தியது கோரைப்பாய். அது காற்றை உள்ளே விடும், வியர்வையை வாங்கும், காலையில் சுருட்டி வைத்துவிட்டால் உறங்கிய அறையே உண்ணும் அறையாகும், ஓதும் அறையாகும்.

திருவரங்கம், திருவெள்ளறை, துறையூர் என நம் வட்டாரத்தவர்க்குக் கோரை என்றதும் காவிரிக்கரை முசிறி நினைவுக்கு வரும். வடக்கே வந்தவாசி பெயர் பெற்றது. இவை யாவற்றிலும் நுண்மையால் உயர்ந்தது தாமிரபரணிப் பாசனத்தைச் சார்ந்த பத்தமடை. அங்கு இக்கலையைக் காத்து வருவோர் லெப்பை முஸ்லிம்கள். அவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். அறுத்த கோரையை வகிர்ந்து உலர்த்தி, ஓடும் நீரில் சில நாட்கள் ஊறப்போட்டு, மறுபடியும் உலர்த்தி மயிரிழைபோல் வகிர்வர். தரையோடு அமைந்த தறியில் பருத்தி நூலோ பட்டு நூலோ பாவாக ஓட, நீண்ட குச்சியின் நுனியில் கோரையைக் கோத்து ஊடாகச் செலுத்துவர். பாவின் நெருக்கத்தைக் கொண்டு 50, 100, 120 எனத் தரம் பிரிப்பர். உயர்ந்த தரப் பாய் துணியைப் போல் மடியும். 1953இல் இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவிற்குத் தம் பாய் சென்றது என அவ்வூரார் பெருமையுடன் கூறுவர்.

அரசியின் அரண்மனையைவிட மணமக்களின் அறையே அப்பாய்க்கு உரிய இடம். மணமகன், மணமகள் பெயர்களையும் திருமண நாளையும் கோரையிலேயே எழுத்தாக நெய்து தரும் வழக்கம் பத்தமடைக்கு உரியது. மதவேறுபாடின்றித் தமிழ் மணவீடுகள் இதனை விரும்பி வாங்கின. முஸ்லிம் பெண்ணின் விரல்கள் இந்துத் தம்பதியரின் பெயரை நெய்தன. சமய நல்லிணக்கத்திற்கு இதனினும் அமைதியான சான்று வேறென்ன வேண்டும்?

இன்று நிலை மாறிவிட்டது. கட்டில் பரவியதால் பாய் பள்ளியறையிலிருந்து வெளியேறிற்று. பிளாஸ்டிக் பாயும் விசைத்தறிப் பாயும் விலையால் வென்றன. பல நாட்கள் குனிந்து நெய்தவளுக்குக் கிடைக்கும் கூலி அவளுடைய மகளை அத்தறியில் அமரத் தூண்டுவதாக இல்லை. பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும், நெய்யும் கையைக் காப்பது வாங்கும் கை.

கட்டிலைத் துறக்குமாறு நாம் கூறவில்லை. கட்டிலின் அருகே, எழுந்ததும் கால் பதியும் பக்கத்தில் ஒரு கோரைப்பாய் இருக்கட்டும். கட்டிற்காலின் கீழ் அதனைச் செருகினால் கோரை நசுங்கி ஒடியும்; ஆதலால் விலக்கி விரிக்க வேண்டும். கிப்லாவை நோக்கி ஸஜ்தா செய்ய இடம் விட்டு விரித்தால், தஹஜ்ஜுத் தொழ எழுபவருக்கு வேறொரு விரிப்பு தேவையில்லை. அதற்கு ஓரத்தில் மட்டும் கோடமைந்த, நடுவில் கோலமற்ற பாயே ஏற்றது. மடிக்காமல் சுருட்டி, ஈரம் படாமல் நிழலில் ஆறவிட்டால் நெடுநாள் உழைக்கும்.

ஜாபிர் (ரலி) அவர்களின் மனைவி விரிப்பை வைத்துக்கொண்டார். கணவரோ அது வீட்டிற்குள் வந்துவிட்டதை மறக்கவில்லை. பொருளை வைத்துக்கொண்டே அதைப் பற்றிய விழிப்பையும் வைத்துக்கொள்வதுதான் அவ்வீடு நமக்குக் காட்டும் வழி. நம் பிள்ளைகளின் மணவறைக்கு விரிப்பு வாங்கப் புறப்படும் நாளில், அதை நெய்தவர் யார், அவர்க்குக் கிடைத்தது என்ன என்று ஒருமுறை கேட்டுவிட்டு வாங்குவோமாக.