அரிசிக்காக வந்தவர்களா?

நம் நாட்டுத் திருச்சபையின் வரலாற்றில் ஒரு சொல் நெடுங்காலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்பதே அச்சொல். பஞ்ச காலத்தில் பசி பொறுக்காமல், ஒரு வேளைக் கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்பது அதன் உட்பொருள். பிற சமயத்தார் மட்டுமன்றி, பரம்பரைக் கிறிஸ்தவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டோரும் இதை ஏளனமாகக் கூறியதுண்டு. சேத்துப்பட்டு, ஆரணிப் பகுதிகளில் பலருடைய முன்னோர் இந்தப் பழிச்சொல்லையும் சுமந்துகொண்டே விசுவாசத்தில் வாழ்ந்து மறைந்தனர். இச்சொல் நீதியானதுதானா என்பதை வரலாற்றின் துணைகொண்டு சிந்திப்போம்.

1876-ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. மறு ஆண்டும் வானம் கைவிட்டது. நம் முன்னோர் 'தாது வருஷப் பஞ்சம்' என்று நடுக்கத்துடன் நினைவுகூர்ந்த கொடிய பஞ்சம் அது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் மேற்கு இந்தியாவிலுமாக 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மடிந்தனர் என்பது வரலாற்று அறிஞர்களின் கணிப்பு. விக்டோரியா அரசியை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பாரை லிட்டன் பிரபு 1877 சனவரி முதல் நாளன்று டில்லியில் ஆடம்பரமாக நடத்தினார். அதே மாதத்தில் சென்னை மாகாணத்திற்கு வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓரணாவும் கூலியாகப் போதும் என்று வரையறுத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். நாள் முழுதும் மண் சுமப்பவனுக்கும் கல் உடைப்பவனுக்கும் இது எப்படிப் போதும்? மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்து வாதாடினார். சில மாதங்கள் கழிந்த பின்னரே கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன.

பஞ்சம் எல்லாரையும் சமமாகத் தாக்குவதில்லை. வயலில் உழைத்துத் தானியக் கூலி பெற்று வாழ்ந்த நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்களே முதலில் வீழ்ந்தனர். விளைச்சல் இல்லை என்றால் கூலியும் இல்லை. அவர்களிடம் குதிரும் இல்லை, குலுக்கையும் இல்லை. நெசவாளர் நிலையும் இரங்கத்தக்கதே. சோற்றுக்கு வழியில்லாத காலத்தில் துணி வாங்குவார் யார்?

இத்தகைய காலத்தில்தான் தாராஸ் அடிகளாரின் பணி இப்பகுதியில் வேரூன்றியது. 1835-இல் பிரான்சு நாட்டில் பிறந்து, பாரிஸ் அயல்நாட்டு வேதபோதக சபையின் குருவாகப் புதுவை மறைத்தளத்திற்கு வந்தவர் அவர். பசித்தோரைத் தேடிச் சென்றார், உணவளித்தார், போதித்தார், பெருந்திரளான ஏழை மக்களுக்குத் திருமுழுக்கு அளித்தார். 1916-இல் இறக்கும் வரை இம்மக்களுக்காகவே வாழ்ந்த அவரை 'வட ஆற்காட்டின் அப்போஸ்தலர்' என்று திருச்சபை நன்றியுடன் நினைவுகூர்கிறது. சேத்துப்பட்டில் எழுந்து நிற்கும் லூர்து அன்னை ஆலயம் அவர் காலத்து உழைப்பின் சாட்சி.

பசியோடு வருபவனின் விசுவாசம் உண்மையானதா என்ற ஐயம் அன்றைய போதகர்களுக்கே இருந்தது. நெல்லூர், ஓங்கோல் பகுதியில் பணியாற்றிய பாப்டிஸ்டு போதகர் ஜான் கிளவ், பஞ்சம் நீடித்தவரை எவருக்கும் திருமுழுக்கு அளிப்பதில்லை என்று முடிவு செய்தார். பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டும் பணியில் ஒரு பகுதியை ஏற்று, மக்களுக்கு வேலையும் கூலியும் கிடைக்கச் செய்தார். நிவாரணம் நின்ற பின்னும் மக்கள் அவரை விடவில்லை. 1878 சூலை 3-ஆம் நாள் ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். பசி தீர்ந்தால் பக்தியும் தீரும் என்ற கணக்கு அங்கே பொய்த்தது.

யோவான் நற்செய்தியின் 6-ஆம் அதிகாரம் இங்கு நமக்கு ஒளி தருகிறது. திரண்டு வந்த மக்களின் உள்நோக்கத்தை ஆண்டவர் முதலில் விசாரிக்கவில்லை; முதலில் உணவளித்தார். அப்பத்திற்காகத் தம்மைத் தேடுகிறார்கள் என்பதை மறுநாள் வெளிப்படையாகச் சொன்னார். பிறகு, ஏற்பதற்குக் கடினமான போதனையை அவர் அளித்தபோது பலர் விலகிச் சென்றனர். சிலர் நிலைத்து நின்றனர். ஆகவே, ஒருவன் எதற்காக வந்தான் என்பதை விட, அப்பம் தீர்ந்த பின் எங்கே நின்றான் என்பதே விசுவாசத்தின் உரைகல். யாக்கோபின் புதல்வர்களும் தானியம் தேடித்தானே எகிப்துக்குச் சென்றார்கள்? சென்ற இடத்தில் இழந்த சகோதரனையே கண்டடைந்தார்கள்.

இந்த உரைகல்லில் நம் முன்னோரை உரைத்துப் பார்ப்போம். மழை பெய்தது, கஞ்சித் தொட்டிகள் மூடப்பட்டன. திருமுழுக்குப் பெற்றவர்கள் அதே சேரிக்கு, அதே நிலக்கிழாரின் வயலுக்குத் திரும்பினார்கள். சிலுவை அணிந்ததால் கூலி கூடவில்லை, தீண்டாமை நீங்கவில்லை. ஆயினும் பிள்ளைகளுக்கு மந்திரங்களைக் கற்பித்தார்கள், தவக்காலத்தில் ஒறுத்தார்கள், திருநாளுக்குக் கால்நடையாக வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக நிலைத்தார்கள்.

இதனினும் பெரிய சோதனை சுதந்திர இந்தியாவில் வந்தது. 1950 ஆகஸ்டு 10 அன்று குடியரசுத் தலைவர் வெளியிட்ட ஆணை, இந்து சமயத்தினர் அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்று அறிவித்தது. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. 2007-இல் அறிக்கை அளித்த நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இத்தடையை நீக்கப் பரிந்துரைத்தும் பயன் விளையவில்லை. தமிழகத்தில் இவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். ஆனால் பட்டியல் சாதியினருக்குரிய இட ஒதுக்கீடும், தனித் தொகுதியில் போட்டியிடும் உரிமையும், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இவர்களுக்கு இல்லை.

இப்போது எண்ணிப் பாருங்கள். பாட்டனார் அரிசிக்காக வந்தார் என்றே வைத்துக்கொள்வோம். பேரன் கிறிஸ்தவனாக இருப்பதால் கல்வியிலும் வேலையிலும் இழந்தது எத்தனை மூட்டை அரிசி? இழப்பை அறிந்தும் நிலைத்து நிற்பவனை ஆதாயத்திற்காக வந்தவன் என்று சொல்ல எந்த நாவுக்கு உரிமை உண்டு?

இந்நெருக்கடியால் ஆலயப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயருமாக வாழும் குடும்பங்களும் உண்டு. அவர்களைக் கோழைகள் என்று பழிப்பது எளிது. பிள்ளையின் எதிர்காலத்தையும் தன் விசுவாசத்தையும் ஒரே தராசின் இரு தட்டுகளில் வைக்குமாறு ஒரு தாயை நெருக்கும் ஏற்பாட்டையன்றோ நாம் முதலில் பழிக்க வேண்டும்? வதைப்பு என்றால் வாளும் சிறையும் மட்டுமல்ல. ஒரு சான்றிதழும் வதைக்கும்.

அதைவிட வேதனையானது, சொந்த வீட்டிலேயே ஏற்பட்ட காயம். ஆலயத்தில் தனி இடம், கல்லறையில் தனிப் பகுதி, தேர் செல்லாத தெரு என்று திருச்சபைக்குள்ளேயே இம்மக்கள் அனுபவித்த அவமானங்கள் பல. அவை முற்றிலும் ஒழிந்துவிட்டன என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இன்றும் நம்மால் இயலாது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவரிடையே சாதி வேற்றுமை நிலவுவது நற்செய்திக்கே முரணானது என்பதைத் தெளிவாக உணர்த்தினார்.

துன்பத்தைத் தாங்குவது கிறிஸ்தவப் பண்பு என்று நாம் மறையுரைகளில் அடிக்கடி கூறுகிறோம். இதை எச்சரிக்கையுடன் கூறவேண்டும். அநீதி செய்பவன், அதற்கு ஆளானவனிடம் பொறுமையைப் போதிப்பது நற்செய்தி அல்ல. கிறிஸ்தவப் பொறுமை தலைவிதி என்று ஒடுங்கிக் கிடப்பதும் அல்ல. அது, நீதிக்காகக் குரல் எழுப்பிக்கொண்டே ஆண்டவரை விடாமல் பற்றிக்கொள்வது. கிறிஸ்துவும் அறைந்தவனிடம் காரணம் கேட்டார். ஆனாலும் சிலுவையிலிருந்து இறங்கவில்லை.

லூர்து அன்னையின் திருநாளுக்குச் சேத்துப்பட்டு செல்வோர், பீடத்தின் முன் முழந்தாளிடும் முதியவர்களைச் சற்றே உற்றுப் பாருங்கள். தேய்ந்த கைகளில் தேய்ந்த செபமாலை. அவர்கள் நம் தருமத்துக்குரியவர்கள் அல்லர். விசுவாசத்தில் நமக்கு மூத்தோர். அவர்களுக்கு நாம் இரு கடன்கள் பட்டுள்ளோம். அந்தப் பழிச்சொல்லை நம் நாவிலிருந்து அகற்றுவது ஒன்று; அவர்களுடைய உரிமைக் குரலோடு நம் குரலையும் சேர்ப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் செய்த பிறகே, அவர்களோடு ஒரே அப்பத்தில் பங்குகொள்கிறோம் என்று நாம் மனம் கூசாமல் சொல்ல முடியும்.