ஒட்டுப் போட்ட பின் வரும் வேலை

கம்பத்தில் ஒரு மாணவி தேர்வு முடிவைக் கைப்பேசியில் பார்க்கிறாள். சின்னமனூரில் ஒரு விவசாயி பட்டா நகலை இணையத்தில் எடுக்கிறார். இவர்கள் கேட்ட தகவலை எங்கோ ஓர் அறையில் இருக்கும் கணினி எடுத்துக் கொடுக்கிறது. அதற்குச் சர்வர் என்று பெயர். அதை இயக்கும் நிரலில் ஓட்டை இருந்தால் திருடன் நுழைவான். ஆகவே அவ்வப்போது ஓட்டையை அடைக்கிறார்கள். ஆனால் அடைத்த மறுநாளே சர்வர் பேச மறுப்பதும் உண்டு. இது ஏன்? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

காகித ஒட்டு

நிரலில் செய்யும் திருத்தத்துக்கு ‘பேட்ச்’ என்று பெயர். ஒட்டு என்பதே அதன் பொருள். 1944இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் செயல்படத் தொடங்கிய மார்க் 1 கணினிக்குக் கட்டளைகள் துளையிட்ட காகித நாடாவில் தரப்பட்டன. தவறான துளையின் மேல் காகிதத் துண்டை ஒட்டினார்கள், அதுவே திருத்தம்.

வலைச் சர்வர்களின் வரலாற்றிலும் ஒட்டுகளுக்குத் தனி இடம் உண்டு. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராப் மெக்கூல் எழுதிய சர்வர் நிரல், 1994இல் அவர் விலகியதும் கவனிப்பாரின்றி நின்றது. அதைப் பயன்படுத்தியவர்கள் ஆளுக்கொரு ஒட்டுப் போட்டனர். 1995இல் எட்டுப் பேர் கூடி அவற்றைத் தொகுத்தனர். அவ்வாறு பிறந்ததே அப்பாச்சி சர்வர். ஓராண்டுக்குள் உலகில் மிகுதியாகப் பயன்படும் வலைச் சர்வராக அது உயர்ந்தது.

பூட்டிக்கொண்ட கதவு

சர்வர்கள் இரகசியம் காக்க ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ என்னும் நிரல் தொகுப்பைப் பெரிதும் நம்பியுள்ளன. இரகசியச் சாவி என்பது எவராலும் ஊகிக்க முடியாத ஓர் எண். பகடை உருட்டுவது போல அதை உண்டாக்க வேண்டும். 2006இல் டெபியன் என்னும் இயங்குதளத்தைப் பேணுவோர், சோதனைக் கருவி ஓர் எச்சரிக்கை தந்ததால் இத்தொகுப்பில் சில வரிகளை நீக்கினர். எச்சரிக்கை மறைந்தது, பகடையும் மறைந்தது! ஒவ்வொரு வகையிலும் 32,767 சாவிகள் மட்டுமே பிறக்கக்கூடிய நிலை ஏற்பட்டது. அத்தனையையும் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்வது திருடனுக்கு எளிது.

லூசியானோ பெல்லோ இதைக் கண்டுபிடித்தார். 2008 மே 13இல் திருத்தம் வெளியாயிற்று. ஆனால் நிரலைத் திருத்தினால் பழைய சாவி நல்ல சாவி ஆகிவிடுமா? ஆகாது. எனவே தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் நிரலின் புதிய பதிப்பு, பலவீனமான சாவிகளை ஏற்க மறுத்தது. விளைவு என்ன? அத்தகைய சாவியை மட்டுமே நம்பியிருந்த நிர்வாகி, திருத்தத்தை நிறுவியதும் தம் சர்வருக்கு வெளியே நின்றார். நிரல் பழுதாகவில்லை, அது சரியாக வேலை செய்ததாலேயே கதவு பூட்டிக்கொண்டது.

பழைய கால அட்டவணை

2014 ஏப்ரல் 7இல் அதே தொகுப்பில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் ஓட்டை வெளிப்பட்டது. இதன் வழியே ஒருவர் ஒவ்வொரு முறையும் சர்வரின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை உறிஞ்ச முடிந்தது. திருத்தம் உடனே வந்தது. ஆனால் அதை வட்டில் பதித்தால் மட்டும் போதவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் தன் நினைவகத்திலுள்ள பழைய பிரதியையே பயன்படுத்தும். கல்லூரிப் பலகையில் புதிய கால அட்டவணை ஒட்டினாலும், பழையதை மனப்பாடம் செய்த மாணவன் பழைய நேரத்துக்குத்தானே வருவான்! சர்வரை நிறுத்தி மீண்டும் இயக்கிய பிறகே திருத்தம் பலித்தது. அதன் பின் சாவிகளையும் சான்றிதழ்களையும் மாற்ற வேண்டியிருந்தது.

2024 ஜூலை 19இல் ஒரு காவல் நிரலே கணினிகளை வீழ்த்தியது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் இந்திய நேரம் காலை 9.39க்கு அனுப்பிய கோப்பு ஒன்றினால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் ‘போர்டிங் பாஸ்’களைக் கையால் எழுதிக் கொடுத்தனர். 78 நிமிடத்தில் அக்கோப்பைத் திரும்பப் பெற்றனர். ஆயினும் முடங்கிய கணினி பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

அப்படியானால் திருத்தமே வேண்டாமா? அதுவும் ஆபத்தே. 2017 மார்ச்சில் வெளியான ஒரு திருத்தத்தை அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனம் உரிய காலத்தில் நிறுவவில்லை. 14 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் களவு போயின.

கடைமடை வரை

கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு முல்லைப் பெரியாற்று நீர் பாய்கிறது. மதகைப் பழுது பார்த்ததும் வேலை முடிந்தது என்று விவசாயி வீடு திரும்புவதில்லை. கரையோடு நடந்து, கடைமடை வரை நீர் போயிற்றா என்று பார்க்கிறார். சர்வருக்கும் இதே முறைதான். திருத்தும் முன் பிரதி எடுத்து வைக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு கணினியில் சோதிக்க வேண்டும். நிறுவிய பின் சர்வரை மீண்டும் இயக்க வேண்டும். அது மறுத்தால், உடனே எதையாவது மாற்றிப் பார்க்காமல், அதன் பிழைப் பதிவேட்டை முதலில் படிக்க வேண்டும். காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். இறுதியாக, வெளியிலிருந்து ஒரு சாதாரணப் பயனர் போல நுழைந்து பார்க்க வேண்டும். அவருக்குப் பதில் கிடைத்த பிறகே திருத்தம் முடிந்ததாகக் கொள்ளலாம்.