வேலைநீக்கத்தில் பிறந்த ஆய்விதழ்

2014 நவம்பரில் கனடாவின் 'ஓப்பன் மெடிசின்' மருத்துவ ஆய்விதழ் வாசகர்களிடம் விடைபெற்றது. ஏழரை ஆண்டுதான் ஆயுள். ஆசிரியர்கள் ஏன் இதழைத் தொடங்கினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று அறிய, அதற்கு முன் வேறோர் இதழில் மூண்ட சண்டைக்குப் போக வேண்டும்.

கனடிய மருத்துவச் சங்கம் 1911 முதல் தன் பெயரில் ஓர் ஆய்விதழை நடத்திவருகிறது. 1996 முதல் அதன் ஆசிரியராக இருந்தவர் ஜான் ஹோயி. 2005-ல் 'பிளான் பி' என்ற அவசரக் கருத்தடை மாத்திரை மருத்துவர் சீட்டு இல்லாமலே மருந்துக்கடைகளில் கிடைக்கத் தொடங்கியது. ஆனால் வாங்கப் போன பெண்களிடம் பெயர், முகவரி, கடைசி மாதவிலக்கு, உறவு கொண்ட நாள் என்று குடைந்து கேட்ட கடைகள் இருந்தன. இதழின் செய்தியாளர்கள் 13 பெண்களை மாத்திரை வாங்கச் சொல்லி, அவர்களின் அனுபவத்தை எழுதினார்கள். செய்தி வெளிவரும் முன்பே மருந்தாளுநர் சங்கம் மருத்துவச் சங்கத்திடம் புகார் செய்தது. பதிப்பாளர் தலையிட, பெண்கள் சொன்னவை நீக்கப்பட்டே செய்தி அச்சேறியது.

ஹோயி இதை மூடி மறைக்கவில்லை. நடந்ததை 2006 ஜனவரியில் தலையங்கமாகவே வெளியிட்டார். பிப்ரவரி 20 அன்று அவரும் மூத்த துணை ஆசிரியர் ஆன் மேரி டாட்கில்லும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

இதழுக்குப் புதுமுகம் தேவை என்றது நிர்வாகம். நம்பியவர்கள் குறைவு. தற்காலிக ஆசிரியரான ஸ்டீபன் சோய் சில நாட்களிலேயே விலகினார். ஆசிரியர் குழுவில் பெரும்பாலோரும் வெளியேறினார்கள்.

வெளியேறியவர்கள் சும்மா இருக்கவில்லை. சோய், அனிதா பலேபு முதலானோர் 2007 ஏப்ரலில் 'ஓப்பன் மெடிசின்' இதழைத் தொடங்கினார்கள். இதற்கு உரிமையாளராக எந்தச் சங்கமும் இல்லை. மருந்து நிறுவன விளம்பரம் கிடையாது, படிக்கக் கட்டணமும் கிடையாது. இணையத்தில் நடத்த இலவச மென்பொருள் போதுமானதாக இருந்தது. முதல் இதழிலேயே கனடா, அமெரிக்க நோயாளிகளின் நிலையை ஒப்பிட்ட 38 ஆய்வுகளின் தொகுப்பு வந்தது. கனடாவுக்குச் சாதகமானவை 14, அமெரிக்காவுக்கு 5. மீதியில் தெளிவான வெற்றி யாருக்கும் இல்லை.

அதன் துணிச்சலுக்கு நல்ல சான்று கடைசி ஆண்டில் வந்த டெங்கு கட்டுரை. மருத்துவர் ஜேம்ஸ் ஹெய்ல்மனும் நண்பர்களும் விக்கிப்பீடியாவில் எழுதி வளர்த்த கட்டுரையை நிபுணர்களின் மதிப்பாய்வுக்கு உட்படுத்தி, 2014 அக்டோபரில் ஆய்விதழ்க் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதாலேயே பலர் ஏளனம் செய்த கலைக்களஞ்சியத்துக்கு அது பெரிய மரியாதை.

அடுத்த மாதமே இதழ் நின்றது. விளம்பரத்தை மறுத்தது சரியான முடிவுதான். ஆனால் அந்த இடத்தை நிரப்ப நிலையான வருமானம் எதுவும் அமையவில்லை. பகலில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மிஞ்சிய நேரத்தில் கட்டுரைகளைத் திருத்தும் தன்னார்வலர்களால் ஓர் இதழை எத்தனை காலம் இழுக்க முடியும்? தோல்வி என்று இதைச் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் சுதந்திரத்துக்கும் ஒரு மாதச் செலவு உண்டு என்பதை அவர்கள் கணக்கில் குறைத்தே போட்டிருந்தார்கள்.

பழைய இதழ் இன்றும் வருகிறது. 2016 பிப்ரவரியில் மருத்துவச் சங்கம் அதன் அப்போதைய ஆசிரியர் ஜான் ஃப்ளெட்சரை நீக்கி, இதழின் மேற்பார்வைக் குழுவையும் கலைத்தது.