பூனைகளும் இதயத் துளையும்

இதயத்தின் இடைச்சுவரில் துளையுடன் பிறப்பது மனிதக் குழந்தைகளுக்கு மட்டும் உரிய குறைபாடு அன்று. பூனைக்குட்டிகளுக்கும் அது உண்டு. அத்துளையை அடைக்கும் சிகிச்சையின் வரலாறும் பூனைகளோடு தொடர்புடையது. இதயத்தின் அறைகளைப் பல ஆண்டுகள் பாடமாக நடத்திய எனக்கே இது வெகுகாலம் தெரியாது.

1930களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் கிப்பன் என்ற அறுவை மருத்துவர், இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் இயந்திரம் ஒன்றை உருவாக்க முயன்றார். மனைவி மேரி உடனிருந்து உதவினார். சோதனைக்குப் பூனைகள் தேவைப்பட்டன. இரவில் மீன்துண்டும் சாக்குப்பையுமாகத் தெருப்பூனைகளைப் பிடிக்கச் சென்றதைக் கிப்பனே பின்னாளில் கூறியுள்ளார். பூனையின் நுரையீரல் தமனியை இறுக்கி மூடிவிட்டு, சிரையிலிருந்து எடுத்த இரத்தத்தைச் சுழலும் உருளையில் மெல்லிய படலமாகப் பரப்பி, ஆக்சிசன் ஏற்றித் தமனிக்குள் திருப்பிச் செலுத்தினர். 1935இல் பூனை உயிர் பிழைத்தது.

1953 மே 6 அன்று பிலடெல்பியாவில், 18 வயதுப் பெண் ஒருவரின் இதய மேலறைகளுக்கு இடையிலிருந்த பிறவித் துளையை, மேம்படுத்திய இயந்திரத்தின் துணையுடன் கிப்பன் தைத்து மூடினார்.

பூனைக்குட்டிகளுக்கு இவ்வறுவை இன்றும் அரிது. ஒரு கிலோ எடையுள்ள குட்டியின் உடலில் ஏறத்தாழ 60 மில்லிலிட்டர் இரத்தமே இருக்கும். இயந்திரக் குழாய்களை நிரப்பவே அது போதாது. துளை சிறிதாயின் குட்டி இயல்பாகவே வளரும். பெரிதாகி இதயம் தளர்ந்தால், நுரையீரலில் சேரும் நீரை வடியச்செய்யும் மருந்துகளே கொடுக்கப்படுகின்றன.